ஆறாத காயத்தை மறைக்காமல் வாழ்வது எப்படி? அந்த லத்தீன் அமெரிக்கப் பெண்களைப் பார்த்து வந்த கேள்வி

ஊசிநூல் (தண்டையார்பேட்டை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 36 வயது. அம்மா வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் மாதத்தில் என் இரண்டாவது பெண் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. பார்த்தால் மறக்க முடியாது, வேண்டாம் என்று சொல்லித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது, அம்மா மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். அந்த நாலு நாளும் வீடு முழுக்க மல்லிகை வாசனை. இன்றைக்கும் பூக்கடைப் பக்கம் போனால் மூச்சு முட்டும்.

அதற்கப்புறம் மாமியார் வீட்டில் ராசியில்லாதவள் என்று பேர் வந்தது. இரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். மூத்த மகள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். எங்கள் தெருவில் யார் வீட்டில் வளைகாப்பு என்றாலும் அந்த பிளவுஸ் என்னிடம்தான் தைக்க வரும், ஆனால் விசேஷத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை, அவர்களுக்கும் பயம்தான். ஆனால் ஆறு வருஷமாக எல்லோரும் எனக்குச் சொன்னது ஒரே வார்த்தை: மறந்துடு.

மகள் கரோல் ஜி என்ற கொலம்பியா நாட்டுப் பாடகியின் பாட்டை நாள் முழுக்க ஓட விடுவாள். ஒரு நாள் அர்த்தம் கேட்டேன். அந்த ஆல்பத்தின் பெயருக்கே 'நாளை அழகாக இருக்கும்' என்று அர்த்தமாம். மனம் உடைந்து கிடந்த காலத்தில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வாக்கியம் அது என்றாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தோம், அப்படித்தான் மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ வந்தார்.

1932ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்தபோது அவருக்கும் கரு கலைந்திருக்கிறது. அதை அவர் ஒரு தகரத் தகட்டில் வரைந்திருக்கிறார். கட்டிலில் ரத்தத்தோடு அவரே படுத்திருக்கிறார், கண்ணில் ஒரு பெரிய கண்ணீர்த் துளி, கையில் ஆறு சிவப்புக் கயிறுகள், ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் ஒரு பொருள். அதில் ஒன்று அந்தக் குழந்தை. ஒன்று நத்தை. ஒன்று இடுப்பெலும்பு. பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டேன். எனக்கு அது கயிறாகத் தெரியவில்லை, நூலாகத்தான் தெரிந்தது. குழந்தையை அவர் கையை விட்டுப் போக விடவில்லை, பிடித்து வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் கவனித்தேன், தையல்காரி கண்ணுக்குத்தான் இது தெரியும். 1925ல் பஸ் விபத்தில் அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது, அதற்குமுன் ஆறு வயதில் வந்த போலியோவால் ஒரு கால் சூம்பியிருந்தது. அவர் போட்டிருக்கும் மேல்சட்டையைப் பாருங்கள், உடம்பு வளைவுக்குப் பிடிக்கும் டாட் கிடையாது, கழுத்து வளைவு கிடையாது, சதுரம் சதுரமாக வெட்டி இணைத்தது. உள்ளே இரும்புக் கச்சையோ மாவுக்கட்டோ இருந்தாலும் மேலே அழகாக விழும். கீழே தரைவரை பாவாடை, கால் தெரியாது. உடம்பை உடைகளுக்குள் வைத்துக்கொண்டு, அதே உடம்பின் வலியைப் படத்தில் எல்லோருக்கும் முன்னால் திறந்து வைத்திருக்கிறார். எதை மூட வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்திருக்கிறார்.

என் கேள்வி இதுதான். அவர்களால் எப்படி முடிகிறது? நம்மால் ஏன் முடியவில்லை? என் பீரோவில் ஒரு சின்ன கவுன் இருக்கிறது, ஐந்தாம் மாதத்தில் பிளவுஸ் பிட்டில் மிஞ்சிய மஞ்சள் துணியில் தைத்தது, அடியில் மடித்துத் தைக்காமல் பாதியில் நிற்கிறது. அதை வெளியே எடுப்பது சரியா? இல்லை, எல்லோரும் சொல்கிற மாதிரி யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா?

இரவு ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, முதலில், கவுனைக் கொடுக்காதீர்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நான் ஐந்து வருஷம் ஒரு கால் சென்டரில் ஸ்பானிஷ் பிரிவில் இருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடிய விடிய மெக்சிகோ, கொலம்பியா, மயாமி என்று பெண்கள் குரல்தான். கார்டு பிளாக் ஆகிவிட்டது என்று ஆரம்பிப்பார்கள், இரண்டாவது நிமிஷம் மகன் பேசுவதே இல்லை என்பதில் வந்து நிற்பார்கள். அங்கே கற்றுக்கொண்டதில் சிலதைச் சொல்கிறேன், ஏனென்றால் 'அவர்களால் முடிகிறது, நம்மால் முடியவில்லை' என்று நீங்கள் எழுதியது முழு உண்மை இல்லை.

அவர்களுக்கும் வாயை மூடு என்றுதான் சொல்லி வளர்க்கிறார்கள். 'கய்யாதீத்தா தே வேஸ் மாஸ் போனீத்தா' என்று ஒரு பழமொழியே உண்டு, பேசாமல் இருந்தால் நீ இன்னும் அழகு என்று அர்த்தம். நம்ம ஊர் 'பொம்பளை சிரிச்சா போச்சு'க்கு அக்கா தங்கச்சி. இன்னொரு வார்த்தை 'அகுவாந்தார்', தாங்கிக்கொள், சகித்துக்கொள். புருஷன் குடித்தாலும், அடித்தாலும், போனாலும் அகுவாந்தார். மாதா மாதிரி பொறுமையாக, தன்னைப் பற்றி நினைக்காமல் இருப்பவள்தான் நல்ல பெண் என்ற அந்த எதிர்பார்ப்புக்கு 'மரியானிஸ்மோ' என்று பெயர் வைத்து 1973லேயே எவலின் ஸ்டீவன்ஸ் என்ற ஆய்வாளர் கட்டுரை எழுதினார். ஆக இவர்கள் பிறக்கும்போதே தைரியத்தோடு பிறந்தவர்கள் கிடையாது. அந்த வார்த்தைகளை உடைத்துக்கொண்டு வந்தவர்கள். நாம் கேட்கும் பாட்டு அந்த உடைத்த சத்தம்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. குழந்தை கீழே விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டால் அம்மாவோ பாட்டியோ அந்த இடத்தைத் தடவிக்கொண்டே ஒரு பாட்டுப் பாடுவார்கள்: 'சானா சானா கொலீத்தா தெ ரானா, சி நோ சானாஸ் ஓய் சானாராஸ் மான்யானா.' ஆறிடு ஆறிடு, தவளைக்குட்டி வாலே, இன்றைக்கு ஆறவில்லை என்றால் நாளைக்கு ஆறும். பாருங்கள், மறந்துடு என்று சொல்லவில்லை. ஓடு, விளையாடு என்றும் சொல்லவில்லை. காயம் இருக்கிறது, தொடுகிறேன், இன்றைக்கே ஆற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கரோல் ஜி சொல்லும் அந்த 'மான்யானா', நாளை, இந்தத் தாலாட்டில் வரும் அதே வார்த்தைதான். 2023ல் அந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்தில் வந்தது, ஒரு பெண் ஸ்பானிஷில் பாடிய ஆல்பம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை. அத்தனை கோடிப் பேர் கேட்டதில் எத்தனை பேருக்கு அது பாட்டியின் குரலாகக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பயந்து போனாலோ பெரிய துக்கத்தில் உடைந்து போனாலோ 'சுஸ்தோ' பிடித்திருக்கிறது என்பார்கள். அதற்கு முட்டையை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை உடம்பில் உருட்டி, அப்புறம் ஒரு கிளாஸ் தண்ணீரில் உடைத்து ஊற்றிப் பார்ப்பார்கள். நான் வண்ணாரப்பேட்டைக்காரி, எங்கள் ஆயா எனக்கு முட்டை சுற்றிப் போட்டிருக்கிறார், தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். ஒரு வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னபோது அந்த அம்மா கார்டை மறந்துவிட்டு இருபது நிமிஷம் பேசினார். அறிவியல்படி முட்டை எதையும் உறிஞ்சாது, தெரியும். ஆனால் ஒருத்தி உட்கார்ந்து, இன்னொருத்தி அவளைத் தலை முதல் கால்வரை பொறுமையாகத் தொட்டு, உனக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று வாயால் சொல்கிறாளே, அதற்கு ஒரு பலன் இருக்கிறது. உங்களுக்கு ஆறு வருஷமாக அந்த ஒரு வாக்கியம்தான் கிடைக்கவில்லை என்று தோன்றுகிறது.

கொருக்குப்பேட்டை பெரியம்மா எழுதியது:

என் மகன் டைப் செய்து தருகிறான், நான் சொல்லச் சொல்ல.

ம்மா, நீ எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், மனசு தாங்கவில்லை. ஆனால் நான் ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பெண்கள் எல்லாம் பாடகிகள், ஓவியர்கள். அழுதால் பாட்டாகும், பாட்டு காசாகும். நமக்கு அழுதால் அடுத்த நாள் வேலை கெடும். ஷகீரா என்று ஒரு பாடகி, அவரும் கொலம்பியாதானாம், புருஷன் மாதிரி வாழ்ந்தவர் 2022ல் பிரிந்து போன பிறகு பாடிய பாட்டு பெரிய ஹிட் ஆனதாம், அப்புறம் ஆல்பத்துக்கே 'பெண்கள் இனி அழுவதில்லை' என்று பெயர் வைத்தாராம். மகன் சொன்னான், அந்தப் பாட்டில் பெண்கள் இனி அழுவதில்லை, பில் போடுகிறார்கள், அதாவது சம்பாதிக்கிறார்கள் என்று வருமாம். பில் போடட்டும், நல்லதுதான். ஆனால் அழுவதில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் 30 வருஷம் இட்லிக் கடை வைத்தவள், அழுதுகொண்டே மாவாட்டி அழுதுகொண்டே கணக்கு எழுதியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் நடக்கும்.

காயத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால் முதலில் பயமில்லாமல் உட்கார ஒரு இடம் வேண்டும். அவன் போய்விட்டான் என்கிறாயே, பெண்ணுக்கு ஜீவனாம்சம் கேட்டாயா? ஹைகோர்ட் வளாகத்தில் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 1987ல் வந்த சட்டம், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் போதும். ஏதாவது தொந்தரவு என்றால் பெண்கள் உதவி எண் 181. மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை உன் பெயரில் வருகிறதா, பார். இதெல்லாம் மனசு விஷயம் இல்லை என்று நினைக்காதே. ராசியில்லாதவள் என்று சொன்னவர்கள் வீட்டிலிருந்து மகளுக்குச் சேர வேண்டியது வந்து சேரும்போது, உன் முதுகு தானாக நிமிரும். நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை என்றாயே. எங்கள் தெருவுக்கு வா. நான் கூப்பிடுகிறேன், முதல் வளையல் நீ போடு.

கடலோரம் எழுதியது:

பெரியம்மா சொன்ன கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

நான் காசிமேடு. கானா பாடுவேன், பெரும்பாலும் சாவு வீட்டில்தான் பாடியிருக்கிறேன். 'நம்மால் ஏன் முடியவில்லை' என்று அக்கா கேட்டதைப் படித்ததிலிருந்து எனக்கு அம்மா ஞாபகமாகவே இருக்கிறது. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடம்பு கிடைக்கவில்லை, அதனால் அம்மாவுக்கு ஒப்பாரி வைக்க ஒரு முகம் இல்லை. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாரமே மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்காருவார். செத்தவருடைய பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார், நாலாவது வரியில் கட்டுமரமும் வலையும் வந்துவிடும், விடிகாலையில் கட்டிக்கொடுத்த சோற்று மூட்டை வந்துவிடும். பக்கத்தில் கட்டிப்பிடித்து அழுகிற பெண்களும் அப்படித்தான், ஒவ்வொருத்தியும் தன் கதையைத்தான் பாடுவாள். யாரும் யாரையும், இது யார் வீட்டுச் சாவு என்று கேட்டதில்லை. ஒப்பாரி என்றால் இதுதான் என்று எனக்கு வயது வந்தபிறகுதான் புரிந்தது.

அதனால் நம்மால் முடியவில்லை என்பது சரியில்லை அக்கா. நம் பெண்களிடம் இது இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஃப்ளாட்டுக்குக் குடிபோனவர்கள்தான் ஒப்பாரி வைத்தால் அசிங்கம் என்று நிறுத்திவிட்டார்கள்.

லத்தீன் பாட்டு என்றால் எனக்கு சாவேலா வார்காஸ்தான். கோஸ்டாரிகாவில் 1919ல் பிறந்து சின்ன வயதிலேயே மெக்சிகோ போனவர். அங்கே ராஞ்செரா என்று ஒரு வகை உண்டு, குடி, காதல், பிரிவு, சாவு, கிட்டத்தட்ட நம்ம கானாவின் சரக்கு முழுக்க அதில் இருக்கும். ஆண்கள் பெண்ணை நினைத்துப் பாடுகிற பாட்டை இந்த அம்மா கால்சட்டையும் சிவப்புப் போர்வை அங்கியும் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை மாற்றாமல் பாடினார். தான் பெண்களைக் காதலிப்பவள் என்று வெளிப்படையாகச் சொன்னபோது வயது 81. நடுவில் குடி அவரை முழுசாக விழுங்கியது, பல வருஷம் மேடையே இல்லை, செத்துவிட்டார் என்று நினைத்தவர்களும் உண்டு. 1991ல் குடியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பாடினார். அந்தத் திரும்பி வந்த குரலைக் கேளுங்கள். தழுதழுப்பு, கரகரப்பு, மூச்சு வாங்கும் இடம், எதையும் பாலிஷ் போடவில்லை. பாட்டு நடுவில் கிட்டத்தட்ட பேச்சாகவே ஆகிவிடும். 2003ல் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடினார், எண்பதைத் தாண்டிய வயதில். என் அம்மாவுக்கு ஒரு நாள் போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமல் முழுக்கக் கேட்டுவிட்டு, 'இவளும் யாரையோ கடல்ல விட்டிருக்கா' என்றார்.

வார்டு அக்கா எழுதியது:

நான் மகப்பேறு வார்டில் 14 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். ஊசிநூல், உங்களுக்குக் குழந்தையைக் காட்டாமல் எடுத்துப் போனதற்கு நான் அந்த இடத்தில் இல்லாவிட்டாலும் மன்னிப்புக் கேட்கிறேன். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், பார்த்தால் தாய்க்குத் தாங்காது என்று. இன்றைக்குப் பல நாடுகளில் அம்மாவிடம் கேட்கிறார்கள்: பார்க்க வேண்டுமா, கையில் வைத்துக்கொள்ள வேண்டுமா, பாதத்தின் மை அச்சு வேண்டுமா என்று. முடிவு தாயுடையது. நான் இருக்கும் ஷிஃப்டில் நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு, அதுவும் சரிதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை சொல்ல வேண்டும். துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு, பல சமயம் இரண்டும் ஒரே சேலையைக் கட்டிக்கொண்டு வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று நினைப்பு ஓடுகிறது என்றால் பாட்டும் படமும் மட்டும் போதாது. அமெரிக்கப் பாடகி செலீனா கோமஸைப் பாருங்கள், அப்பா வழியில் மெக்சிகோ. லூபஸ் என்ற நோயால் சிறுநீரகம் கெட்டு 2017ல் தோழியின் சிறுநீரகத்தை வாங்கிக்கொண்டவர், 2020ல் தனக்கு மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் இருதுருவக் கோளாறு (பைபோலார்) இருப்பதைத் தானே வெளியில் சொன்னார். சிகிச்சை எடுப்பதையும் மறைக்கவில்லை. தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் தனக்கு மாத்திரை தேவை என்பதை ஏற்றுக்கொள்வதும் அதில் சேரும்.

நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேசினால் போதும் என்றால் டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். எந்த நேரமானாலும் கூச்சப்படாதீர்கள். மல்லிகை வாசனைக்கு மூச்சு முட்டுகிறது என்று எழுதியதை மட்டும் அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், அதற்கென்றே வழிகள் இருக்கின்றன.

ஆரிவேலை எழுதியது:

தையல்காரிக்குத் தையல்காரி எழுதுகிறேன். பெரம்பூரில் ஆரி கிளாஸ் எடுக்கிறேன்.

சிலி நாட்டில் 1973ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பலர் திரும்பவே இல்லை. அவர்களுடைய அம்மாக்களும் மனைவிகளும் சாந்தியாகோவில் தேவாலய ஆதரவோடு ஒன்றாக உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்கள். கீழே சாக்குத்துணி, அதன்மேல் கிழிசல் துண்டுகள். 'அர்ப்பியேரா' என்று பெயர். மேலே மலைத்தொடர், சூரியன், கீழே வீடுகள், நடுவில் காணாமல் போனவரைத் தேடிப் போகிற பெண்கள், குட்டிக் குட்டித் துணிப் பொம்மைகளாக. சிலர் காணாமல் போன மகனின் சட்டையையே வெட்டி அதில் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரே ஒரு சட்டைதான் மிச்சம், அதில் கத்தரி வைப்பதற்கு எவ்வளவு நேரம் தயங்கியிருப்பார்கள். அவற்றை ரகசியமாக வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றார்கள். அரிசி பருப்புக்கும் அந்தக் காசுதான், சாட்சியும் அந்தத் துணிதான்.

பெரியம்மா சொன்ன பில்லும் அழுகையும் அங்கே ஒரே துணியில் இருந்தன.

அதற்கு முன்னாலேயே அந்த நாட்டுப் பாடகி வியோலெத்தா பாரா உடம்பு முடியாமல் படுக்கையில் கிடந்த நாட்களில் கையில் அகப்பட்ட நூலையும் சாக்கையும் வைத்துத் தைக்க ஆரம்பித்தார். 1964ல் பாரிஸ் லூவ்ர் வளாகத்தில் இருக்கும் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. வாழ்வுக்கு நன்றி சொல்லி அவர் எழுதிய பாட்டு இன்றும் லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பாடப்படுகிறது. ஆனால் அதை எழுதிய கொஞ்ச நாளில், 1967ல், அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் வார்டு அக்கா சொன்னது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது. தைப்பதும் பாடுவதும் துணை. அந்தச் சிலிப் பெண்கள் தனியாகத் தைக்கவில்லை, வட்டமாக உட்கார்ந்து தைத்தார்கள், அதுதான் வித்தியாசம் என்று நான் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் உட்காருவோம். காசு எதுவும் வேண்டாம். வாருங்கள்.

கல்மண்டபம் சந்து எழுதியது:

சின்னதாக ஒன்று. நாங்கள் கிறிஸ்தவர்கள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று காசிமேடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். மெழுகுவர்த்தி, பூ, ஊதுபத்தி, கல்லைக் கழுவி வெள்ளையடித்து, அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம். மெக்சிகோவிலும் அதே நாட்கள்தான், நவம்பர் 1, 2. ஆனால் அங்கே நவம்பர் 1ஐத் தனியாக இறந்துபோன குழந்தைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். குட்டித் தேவதைகள் அன்றைக்கு வீட்டுக்கு வருவார்கள் என்று நம்பிக்கை. வீட்டில் மேடை வைத்து பொம்மை, மிட்டாய், பால் எல்லாம் வைப்பார்கள். வழி தெரிவதற்காக ஆரஞ்சு நிறப் பூவை வாசலிலிருந்து உதிர்த்துக்கொண்டே வருவார்கள்.

அந்தப் பூ நம்ம துலுக்கச் சாமந்திதான். அதன் சொந்த ஊரே மெக்சிகோ, அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. மல்லிகை முடியாவிட்டால் சாமந்தி வாங்கலாமே அக்கா. வாசனையும் வேறு.

ஊசிநூல் எழுதியது:

மூன்று நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று ஆசை, முடியவில்லை.

நேற்று மதியம் கரண்ட் போயிருந்தது. பீரோவைத் திறந்து கவுனை எடுத்தேன். நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடச் சின்னதாக இருந்தது, என் உள்ளங்கையை விரித்தால் மேல்பாகம் மூடிவிடும். மடிப்பு விழுந்த இடத்தில் மஞ்சள் வெளுத்துக் கோடு கோடாக இருக்கிறது. கழுத்தில் குண்டூசி ஒன்று அப்படியே துருப்பிடித்து நின்றது, எடுத்த இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. அம்மா பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'அன்னைக்கு நான் பார்த்தேன்டி, உன் மூக்கு அதுக்கு' என்றார். ஆறு வருஷமாக இதை அவர் சொல்லவே இல்லை. அப்புறம் இரண்டு பேரும் ரொம்ப நேரம் அழுதோம். மகள் ஸ்கூலிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள், அவளுக்கும் அது தங்கச்சிதானே, அவளிடம் யாருமே எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வார்டு அக்கா, 14416க்குப் பேசினேன். ராத்திரி ஒரு மணிக்கு. ஸ்டான்லியில் எந்தக் கிழமை போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அம்மாவும் கூட வருகிறார். இட்லிக்கடைப் பெரியம்மா, வக்கீல் விஷயம் இந்த மாதம் முடியட்டும், தீபாவளித் தையல் தலைக்கு மேல் இருக்கிறது, ஆனால் கண்டிப்பாகக் கேட்கப் போகிறேன். வளையல் போட வருகிறேன், தேதி சொல்லுங்கள். கடலோரம் தம்பி, உங்கள் அம்மா ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள், அவர் பாட, நான் பக்கத்தில் உட்கார வேண்டும்.

கவுனின் அடியை இன்னும் மடிக்கவில்லை. சிவப்பு நூலில் கையாலேயே மடிக்கலாம் என்று இருக்கிறேன், நவம்பர் 1க்குள் முடிந்துவிடும். பெரம்பூர் அக்கா, ஞாயிறு எத்தனை மணிக்கு வரட்டும்? மகளும் வருகிறாள், அவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியும், ஃப்ரேம் எங்களிடம் இல்லை.